திரும்பி வந்த புகை

1

"அம்மா, வரேக்க உங்கட தாச்சியையும் கொண்டு வாங்கோ. றோல்ஸும் கொண்டு வாங்கோ. பிளம்பர் வாறார்."

போன சனிக்கிழமை காலையில் என் மகள் அபி போனில் இப்படிச் சொன்னாள். பிளம்பர் வருவதற்கும் றோல்ஸ் பொரிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குத் தோன்றும். எங்கள் குடும்பத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் பொரிக்கிற தாச்சியைத் துணியில் சுற்றிக் காரின் பின்னால் வைத்துக்கொண்டு, மெல்பேர்ணில் என் வீடு இருக்கும் ரோவிலிலிருந்து கிரான்பர்னுக்கு ஓடினேன்.

அபி அங்கே புது வீடு கட்டிக் குடிபுகுந்து ஆறு மாதம்தான் ஆகிறது. குளிர் தொடங்குவதற்கு முன் வீட்டுக்குப் பொயிலர் பூட்டுகிறாள். கேஸில் தண்ணீரைச் சூடாக்கி, சுவருக்குள் ஓடும் குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறையிலும் உள்ள இரும்புத் தகட்டுக்கு அனுப்பும் சாமான் அது. மெல்பேர்ண் குளிரைப் பற்றி எழுதினால் உங்களுக்குப் புரியாது. நுவரெலியாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஐந்து மாதம் தொடர்ந்து இருந்து பாருங்கள்.

மருமகனுக்கு அன்று ஆஸ்பத்திரியில் வேலை. வந்த பிளம்பர் ஒரு வியட்நாம்காரர், பொறுமையான மனிதர். பொறுமை அவருக்குத் தேவைப்பட்டது. புகைக்குழாய் சுவரில் எந்த இடத்தால் வெளியே போகும் என்று அபி கேட்டாள். குளியலறை யன்னலுக்குக் கிட்டவாக அவர் கை காட்டியதும், அந்த யன்னலைத் திறந்தால் புகை உள்ளே வராதா என்றாள். அவர் அளந்து பார்த்துவிட்டு, சட்டப்படி இன்னும் தள்ளித்தான் வைக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். குழாய் ஏன் பொயிலர் பக்கமாகச் சரிந்திருக்கிறது என்று கேட்டாள். குழாய்க்குள் ஊறும் தண்ணீர் சுவரில் வழியாமல் திரும்பி வந்து வடிவதற்கு என்றார். கேஸ் குழாயின் மூட்டுகளில் அவர் சவர்க்காரத் தண்ணீர் பூசியபோது குந்தியிருந்து குமிழி வருகிறதா என்று அவளும் பார்த்தாள். பிறகு, "இப்ப அம்மா பொரிக்கப் போறா. ஃபானைப் போட்டு, எல்லாக் கதவும் பூட்டிப்போட்டு, புகையைச் செக் பண்ணுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், தாச்சியைப் பார்த்தார். இது மூடிய வகை, வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே விடுவது, வீட்டுக்குள் இருக்கும் காற்றோடு இதற்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லை, அடுப்புக்கு மேலுள்ள குசினி ஃபான் இதை ஒன்றும் செய்யாது என்று விளக்கினார்.

"ஐ நோ. பிளீஸ் டூ இட் எனிவே" என்றாள் அபி.

நான் பொரித்தேன். அவர் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. போகும்போது அவர் றோல்ஸ் நாலு சாப்பிட்டு, இரண்டு கட்டிக்கொண்டும் போனார். திரும்பி வரும் வழியில் எனக்குப் பழைய கதையெல்லாம் திரும்பி வந்தது. அதை எழுதினால்தான் மனம் ஆறும்.

2

நாங்கள் ரோவில் வீட்டை வாங்கியது தொண்ணூறுகளில். என் வீட்டுக்காரர் சிவம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். நான் ஒரு கம்பனியில் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். செங்கல் வீடு. ஹோலின் நடுவே மண்ணிறத்தில் அலுமாரி மாதிரி ஒரு பழைய கேஸ் ஹீற்றர். அதன் புகைக்குழாய் கூரைக்கு மேலே போகும். அதற்கு முன் வாடகை வீடுகளில் கம்பளிக்குள் நடுங்கியவர்களுக்கு அது ஒரு மாளிகை. முதல் நாள் ஹீற்றரைப் போட்டுவிட்டு மூன்று பேரும் அதன் முன்னால் நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

ஆனால் வீட்டுக்குள் எங்கிருந்தோ ஒரு குளிர் காற்று வந்துகொண்டே இருந்தது. சிவம் கதிரையில் ஏறி நின்று துப்பறிந்தார். சுவரின் உச்சியில், சீலிங்குக்குக் கீழே, பூ வேலைப்பாடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள தகடுகள்.

"இஞ்ச பாரும், கட்டினவனுக்கு விசர். குளிர் நாட்டில சுவரில ஓட்டை விட்டிருக்கிறான்!"

அப்படிச் சொல்லிவிட்டு என் பழைய நூல் சீலை ஒன்றைக் கிழித்து, எல்லா ஓட்டைகளையும் அடைத்து, மேலே ரேப் என்கிற ஒட்டுநாடாவும் ஒட்டினார். கதவுகளுக்குக் கீழே வைக்க நான் நீளமாகத் துணி உறை தைத்து மண் நிரப்பினேன். இங்கே வெள்ளைக்காரரும் அப்படி வைப்பார்கள். கதவுப் பாம்பு என்று அதற்குப் பெயர். குளிர் நின்றது. வந்த சிநேகிதர்களுக்கெல்லாம் சிவம் தன் கைவேலையைக் காட்டினார். இரண்டு பேர் தங்கள் வீட்டிலும் போய் அடைத்தார்கள்.

அடுத்தது மணம். அபிக்கு அப்போது பதினாலு வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து யூனிஃபோர்மைக் கழற்றி என் மேல் எறிந்தாள்.

"ஐ ஸ்டிங்க், அம்மா! பஸ்ஸில ஒருத்தி எனக்குப் பக்கத்தில வந்து இருந்திட்டு, மூக்கைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிப் போயிட்டாள்."

நான் அந்தச் சட்டையை மணந்து பார்த்தேன். கருவேப்பிலையும் தாளித்த வெங்காயமும். எனக்கு நல்ல மணம். அவளுக்கு அது அவமானம். இனி என்ர பிள்ளைக்குப் பக்கத்தில ஒருத்தியையும் மூக்கைப் பிடிக்க விடமாட்டன் என்று அடுத்த கிழமையே கடையில் இருந்ததிலேயே பெரிய எக்ஸ்ஹோஸ்ற் ஃபானை வாங்கி அடுப்புக்கு மேலே பூட்டுவித்தேன். போட்டால் விமானம் கிளம்புகிற சத்தம். கீழே ஒரு பேப்பர் துவாயைப் பிடித்தால் பிய்த்துக்கொண்டு மேலே போய் ஒட்டும். அதோடு அக்கம்பக்கத்துக்கும் மணம் போகக்கூடாது என்று, பொரிக்கும்போது யன்னல்களையும் சாத்திவிடுவேன்.

ஆக, சிவம் ஓட்டையை அடைத்தார், நான் ஃபான் பூட்டினேன், கதவுப் பாம்பும் வைத்தாயிற்று. ஊரில் ஓலைக்கும் ஓட்டுக்கும் இடையால் காற்று வந்து போகும் வீடுகளில் பிறந்த எங்களுக்கு, காற்றையும் கணக்குப் பார்த்துத்தான் வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

3

அந்தக் குளிர்காலத்தில் அபி மாறிப்போனாள்.

ஹோல்தான் வீட்டில் சூடான இடம் என்பதால் ஹீற்றருக்குப் பக்கத்து சோபாவில்தான் படிப்பாள். புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நித்திரையாகிவிடுவாள். எழுப்பினால் எரிந்து விழுவாள். கேட்டால், "ஐ'ம் டயர்ட்." இன்னும் கேட்டால், "மை ஹெட் ஹேர்ட்ஸ்." கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை, கேள்வியை வாசித்துவிட்டு முகட்டைப் பார்த்தாள். வகுப்பில் கவனம் இல்லை என்று ரீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னா.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. பிள்ளை கைவிட்டுப் போகிறது. பொடியன் யாரோ இருக்கிறான். வெள்ளைக்காரப் பெட்டைகளோடு சேர்ந்து கெட்டுப்போச்சு. தெரிந்த அங்கிள்மார் அன்ரிமார் எல்லாரும் இதையே சொன்னார்கள். நான் வீட்டுப் போனின் வயரைப் பிடுங்கி வைத்தேன். சிவம் மேசையில் கையால் அடித்து, "இந்த நாட்டுக்கு உன்னைக் கொண்டு வந்தது தான் நான் விட்ட பிழை" என்றார். அவள் சோபாவில் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள். முன்பென்றால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள்.

டொக்டரிடமும் கொண்டு போனோம், மலேசியத் தமிழ்ப் பெண், தங்கமான மனுஷி. இரத்தம் எடுத்துப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவு என்று குளிசை தந்தா. வீட்டில் வேறு ஒருவருக்கும் சுகமில்லையா என்று கேட்டா. இல்லை என்றேன். நாள் முழுக்க வீட்டில் நின்று சமைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் தலையிடிக்கும். விடிந்தால் பொழுதுபட்டால் சமைக்கிற மனுஷிக்குத் தலையிடி எல்லாம் ஒரு வருத்தமா?

பள்ளிக்கூட விடுமுறையில் சிட்னியில், லிட்கமில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு ஒரு கிழமை போனோம். அங்கே அபி சிரித்தாள்! தங்கையின் பிள்ளைகளோடு ஓடினாள், சண்டை பிடித்தாள், கேட்டு வாங்கி இடியப்பம் சாப்பிட்டாள். அவளுக்காகக் கோயிலுக்கு நான் வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்து இரண்டாம் நாளே மறுபடியும் சோபா, நித்திரை, "ஐ'ம் டயர்ட்."

அன்றைக்குச் சிவம் குசினிக்குள் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவளுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. அவளுக்கு எங்களைத்தான் பிடிக்கேல்லை. எங்கட வீடுதான் பிடிக்கேல்லை."

அதற்குப் பிறகு நாங்கள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஏசுவதையும் விட்டுவிட்டோம். ஏசின காலத்தைவிட அந்தக் காலம்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

4

ஹீற்றருக்குள் ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது அடிக்கடி அணையத் தொடங்கியது. சிவம் தினமும் குப்புறப் படுத்து நெருப்புக்குச்சியால் கொளுத்துவார். ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டதும், பிளம்பரைக் கூப்பிடும் என்றார். இந்த நாட்டில் கேஸ் குழாயில் கை வைக்க லைசன்ஸ் வேண்டும். அடுப்புக் கொளுத்தவும் லைசன்ஸ் கேட்பான்கள் என்று பகிடி பண்ணினவர்கள்தான் நாங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் வந்தவர் கொஸ்தா என்ற கிரேக்கர். பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய். வந்ததிலிருந்து கால்பந்து, அரசாங்கம், தன் மச்சான் என்று ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே வேலை செய்தார். சாமான்கள் எடுக்க வானுக்கும் வீட்டுக்கும் நடந்ததில் முன்கதவு திறந்தபடி கிடந்தது. அபி சோபாவில் நித்திரை. அந்தச் சத்தத்துக்கும் அவள் எழும்பவில்லை.

அவர் ஹீற்றரைத் துப்பரவாக்கி, ஒரு சின்னக் கருவியைப் பற்றவைத்து மெல்லிய புகையை அதன் மேல்பக்கத்தில் பிடித்தார். புகை நேராகக் குழாய்க்குள் இழுபட்டது. "பேர்ஃபெக்ட்" என்றார். சாமான்களை அடுக்கினார்.

எங்கள் வீட்டு வாசலால் ஒருவர் வெறும் வாயோடு போகமுடியுமா? "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றேன். நேரமில்லை என்றார். "அஞ்சு நிமிஷம்" என்றேன். மீன்கறி வைத்துச் சுருட்டிய றோல்ஸ் எப்போதும் ஃபிரீசரில் இருக்கும். குளிருது என்று சிவம் முன்கதவைச் சாத்தினார். வந்த மனுஷனுக்கு மீன் மணம் பிடிக்காவிட்டால் என்ற வெட்கத்தில் நான் குசினி யன்னலைப் பூட்டி ஃபானை முழு வேகத்தில் போட்டேன். எண்ணெயில் றோல்ஸ் விழுந்து சத்தம் எழுந்தது.

கொஸ்தா குசினி வாசலில் வந்து நின்று சிரித்தார்.

"இந்த ஃபான் எனக்காகவா? விடு அம்மா. என் தாய் முப்பது வருஷமாகக் கராஜில்தான் மீன் பொரிக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்து."

சொல்லிக்கொண்டு இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். தலையை உயர்த்தி ஃபானைப் பார்த்தார். பிறகு சுவர் உச்சியைப் பார்த்தார். சிவம் ஒட்டிய ரேப்பைப் பார்த்தார். மூடி வைத்த சாமான் பெட்டியைத் திறந்து அந்தக் கருவியை மறுபடி பற்றவைத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

புகை மேலே போகவில்லை. குழாயின் வாயிலிருந்து திரும்பி, ஹோலுக்குள் வந்து, சோபாவில் படுத்திருந்த என் பிள்ளையின் முகத்துக்கு மேலாக மெல்ல மெல்லப் பரவியது.

"ஃபானை நிப்பாட்டு! கதவைத் திற! எல்லாவற்றையும் திற!" என்று கத்தினார். ஓடிப்போய் கேஸை மூடினார். பிறகு அபியைக் காட்டி, மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: "இந்தப் பிள்ளை நித்திரையா?"

ஐயோ, அந்தக் கேள்வி! சிவம் பாய்ந்து போய் அவளைத் தூக்கி உலுப்பினார். "குஞ்சு, எழும்பு, எழும்பு குஞ்சு!" அவள் கண்ணைத் திறக்க எடுத்த நேரத்துக்குள் நான் கும்பிடாத சாமியில்லை. கண்ணைத் திறந்து, "வாட்?" என்றாள். றோல்ஸ் தாச்சியில் கருகிக்கொண்டிருந்தது.

5

வெளிப்படிக்கட்டில் அபியைக் கம்பளியால் சுற்றி வைத்துக்கொண்டு இருக்க, கொஸ்தா எங்களுக்கு விளங்கப்படுத்தினார். ஃபான் வீட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று எங்காவது இருந்து வரத்தானே வேண்டும்? சுவர் ஓட்டைகள் அதற்குத்தான். அவை அடைபட்டால், கதவும் யன்னலும் பூட்டியிருந்தால், மிச்சமிருக்கும் ஒரே ஓட்டை ஹீற்றரின் புகைக்குழாய். வெளியே போக வேண்டிய நச்சுவாயு அதன் வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். காபன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, நித்திரை, மயக்கம், அதோடு சரி. நாங்கள் பயந்து துரத்தின மீன் மணம் ஒருத்தரையும் கொல்லாது.

ஆஸ்பத்திரியில் அபிக்கு ஒட்சிசன் முகமூடி போட்டார்கள். இரத்தத்தில் அந்த வாயு இருந்தது. இந்தத் தலையிடியும் நித்திரையும் அதனால்தான், படிப்பில் மனம் நிற்காததும் அதனால்தான், இனிச் சுகம் வரும், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டொக்டர். அவர் போன பிறகு அபி முகமூடியைக் கொஞ்சம் விலக்கி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அப்ப நான் லேஸி இல்லையா?"

"இல்லை ராசாத்தி."

"நான் உங்களை ஹேட் பண்றன் எண்டு அப்பா நினைச்சவர். எனக்குக் கேட்டது."

சிவம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் கலியாணம் கட்டி அன்றைக்குத்தான் முதல்முறை கண்டேன். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு நாளும் எங்கள் பிள்ளை எங்களை விட்டுப் போகவில்லை. எங்களோடு இருந்தபடியே சாகக் கிடந்தாள்.

வீட்டு ஹீற்றரில் கொஸ்தா சிவப்பு அட்டை கட்டிவிட்டார், தொடக்கூடாது. நடுக் குளிர்காலம். மூன்று பேரும் ஒரே அறையில், சின்ன மின்சார ஹீற்றர் ஒன்றுடன் ஒடுங்கினோம். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் எங்களுக்கு நல்ல நாட்கள். அபிக்கு மூன்றாம் நாளே வாய் திரும்பி வந்துவிட்டது. அப்பா குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாள்.

பழையதைக் கழற்றி வீசிவிட்டு, வெளிக்காற்றையே எடுத்து வெளியிலேயே விடும் மூடிய பொயிலர் பூட்ட முடிவாயிற்று. பத்திரங்கள், பரிசோதனைகள், காத்திருப்புகள். சிவம் இடையில் தன் சுபாவத்தைக் காட்டினார்; புகைக்குழாயைக் குசினி யன்னலுக்குப் பக்கத்தால் விட்டால் வேலை சுகம் அல்லவா, ஒரு அடி முன்பின் என்ன என்று கேட்டார். கொஸ்தா ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மிஸ்டர் சிவம், நீ ஓட்டை அடைக்கிறாய், நான் திறக்கிறேன். இனி உன் கையில் ரேப்பைக் கண்டால் பொலிசுக்குச் சொல்வேன்."

அடைத்த சீலைத்துண்டுகளைச் சிவமே எடுத்தார். நண்பர்கள் வீடுகளுக்குப் போன் எடுத்து அவர்களையும் எடுக்க வைத்தார். நான் ஃபானையும் போட்டேன், யன்னலையும் திறந்தேன். பக்கத்து வீட்டுக்காரி இரண்டாம் கிழமை வேலிக்கு மேலால் எட்டி, அது என்ன கறி, எப்படிச் செய்வது என்று கேட்டா.

நாடு விட்டு வந்தவர்கள் பெரிய பெரிய விஷயங்களுக்கு நன்றி சொல்வார்கள், பாதுகாப்பு, படிப்பு, ஆஸ்பத்திரி என்று. நானும் சொல்வேன். ஆனால் சுவரில் ஓட்டை இருக்கத்தான் வேண்டும், புகைக்குழாய் யன்னலுக்கு இவ்வளவு தூரம் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதி, எங்களை ஒருநாளும் கண்டிராமலே என் குடும்பத்தைப் பற்றி யோசித்த ஒரு மனிதர் இருக்கிறாரே, அவருக்குத்தான் என் முதல் கும்பிடு.

புதுப் பொயிலர் போட்ட முதல் இரவு நான் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் சிவம் வேலைக்குப் போய்விட்டார். தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கும்போது போன் அடித்தது. கொஸ்தா. வழக்கமான கால்பந்தும் இல்லை, திட்டலும் இல்லை.

"எல்லாரும் எழும்பியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"இவர் வேலைக்குப் போயிட்டார்."

"பிள்ளை?"

கயிறு நீளும் மட்டும் போனை இழுத்துக்கொண்டு போய் அபியின் அறைக் கதவைத் திறந்தேன். போர்வைக்குள் அசைவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மம்! ஷட் த டோர்! இட்'ஸ் ஃப்ரீஸிங்!"

போனைத் திரும்பக் காதில் வைத்தேன். "கேட்டதா?" என்றேன்.

"கேட்டது" என்றார் கொஸ்தா. மூக்கை உறிஞ்சும் சத்தம். போனை வைத்துவிட்டார்.

நான் கதவைச் சாத்தவில்லை. இன்னொரு தரம் கத்தட்டும் என்று அப்படியே நின்றேன்.